கோழியைக் கடைசியில் வாங்குங்கள்: புறக்கடை வளர்ப்பை எப்போது, எப்படித் தொடங்குவது

கொல்லையில் நாலு கோழி மேய வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். வாரச் சந்தைக்குப் போய் நாலு கோழியை வாங்கிக் காலைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அன்றிரவு அவை படுக்க ஒரு கூடையோ மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையோ கிடைக்கும். பத்துப் பதினைந்து நாளில் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். “நம்ம வீட்டுக்குக் கோழி ராசி இல்லை” என்று கூடையைப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

ராசியில் குறையில்லை, வரிசையில்தான் குறை. முதலில் தடுப்பூசிக்கு வழி செய்ய வேண்டும், அடுத்து கூடு, அதன்பின் தீவனம். இந்த மூன்றும் தயாரான பிறகுதான் கோழி.

அதற்கும் முன்னால், எதற்காக வளர்க்கிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். நாட்டுக்கோழி 10 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். குஞ்சு பொரித்து வளர்த்துப் பிரித்த பிறகுதான் மறுபடி முட்டை. இப்படி வருடத்துக்கு மூன்று, நான்கு சுற்று ஓடும். ஆக ஒரு பெட்டை வருடத்துக்குச் சுமார் 40 முதல் 60 முட்டை இடும். ஆறு பெட்டை வைத்திருந்தாலும் சராசரியாக நாளுக்கு ஒரு முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வீட்டில் நாலு பேருக்கும் தினம் முட்டை வேண்டுமென்றால் நாட்டுக்கோழியால் மட்டும் அது நடக்காது. ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா, புறக்கடையிலேயே வருடத்துக்கு 160 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதே நிறுவனத்தின் வனராஜா 100 முட்டையை ஒட்டி இடும், உடம்பும் நன்றாகப் பிடிக்கும். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நந்தனம் கோழியும் நாமக்கல் கோழியும் இதே நோக்கத்துக்கானவைதான். ஆனால் இப்படிப்பட்ட மேம்படுத்திய இனங்கள் பெரும்பாலும் அடைக்குப் படுக்காது. ஒவ்வொரு தலைமுறைக்கும் குஞ்சை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும்.

தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை, சிறுவிடை எனப்படும் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழிப் பெட்டை நாலு, கிராமப்பிரியா இரண்டு. சிறுவிடை குஞ்சைக் காப்பாற்றத் தெரிந்த தாய். பருந்து நிழல் தரையில் விழுந்தாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியான பெருவிடை பார்வைக்குக் கம்பீரம்தான், ஆனால் சேவல்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். முதல் வருடத்துக்கு அது வேண்டாம். கருங்கோழியை விலைக்காகவே பலர் வாங்குகிறார்கள். அது அடை காப்பதில் சுணங்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமானால்தான் தேவை, அதுவும் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். விடியற்காலை மூன்றரைக்கே கூவத் தொடங்கிவிடும் என்பதால், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இருப்பவர்கள் முதல் வருடம் சேவல் இல்லாமலே ஓட்டலாம். பக்கத்து வீட்டாரிடமும், வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும், நகரமென்றால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடு கட்டிய பிறகு வரும் சண்டை கசப்பானது. இன்னொன்று, வீட்டில் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் யாராவது ஒருவர் தவறாமல் இருக்க முடியுமா? மாலையில் கதவடைக்க ஆளில்லாத ஒரே ஒரு நாள் போதும், கீரி வந்து கணக்கை முடித்துவிடும்.

எந்த மாதம்

கோழிக் குஞ்சுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம், மற்றொன்று வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதக் குஞ்சை வைத்திருப்பது பெரும்பாடு. தரை காயாது, சளி பிடிக்கும், இரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சல் எந்த மாதத்திலும் வரலாம் என்றாலும் கோடையில் வேகமாகப் பரவும். ஆகவே மழை ஓய்ந்த பிறகு, கோடை உக்கிரமாகும் முன் தடுப்பூசி வரிசை முடிந்துவிடும்படி தொடங்க வேண்டும்.

தை மாதக் கடைசி இதற்குச் சரியாகப் பொருந்தும். அப்போது ஒரு மாதக் குஞ்சாக வாங்கினால் மாசிக் கடைசியில் அதற்கு எட்டு வாரம் ஆகும், இறக்கைக்கடியில் போடும் பெரிய ஊசியைப் பங்குனி வெயிலுக்கு முன்னரே போட்டுவிடலாம். நாட்டுக்கோழி முதல் முட்டையிடச் சுமார் ஆறு மாதம் ஆகும் என்பதால் ஆனி, ஆடியில் முட்டை பார்க்கலாம். தையைத் தவறவிட்டவர்களுக்கு ஆடித் தொடக்கம் இரண்டாவது வாய்ப்பு, பெருமழைக்கு முன் குஞ்சு மூன்று மாதத்தைத் தாண்டிவிடும். கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி, நீலகிரி போலத் தென்மேற்குப் பருவமழை பெய்யும் இடங்களில் ஆடியைத் தவிர்த்துத் தையிலேயே தொடங்குங்கள்.

முதல் வேலை: மருந்தகம்

கூட்டுக்கு மரம் வாங்கும் முன் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கோழிக்குத் தடுப்பூசி என்று, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் சனிக்கிழமை காலையை இதற்கென ஒதுக்கியிருப்பார்கள். ஆண்டுதோறும் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் உங்கள் ஊருக்கு எப்போது வரும் என்பதையும் விசாரித்து வையுங்கள்.

மருந்துக்கடையில் நாமே வாங்கிப் போடலாமே என்று தோன்றும். குப்பியை உடைத்தால் 100 கோழி அளவுக்கும் அதற்கு மேலும் இருக்கும். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதுவரையும் 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கடையிலிருந்து வெறும் பையில், வெயிலில், வண்டியில் கொண்டுவந்த மருந்து வழியிலேயே செத்துவிடும். ஊசி போட்டும் கோழி போய்விட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். தெருவில் கோழி வைத்திருக்கும் நாலைந்து வீட்டார் சேர்ந்து, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வாங்கிவந்து ஒரே காலையில் எல்லாக் கோழிக்கும் போட்டுவிடுவது நல்ல வழி.

வரிசை இதுதான்: பொரித்த 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப் ரகக் கழிச்சல் மருந்து. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. ஆறாவது, ஏழாவது வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டாவது வாரம் இறக்கைக்கடித் தோலில் 0.5 மில்லி ஆர்.டி.வி.கே. எனப்படும் ராணிக்கெட் தடுப்பூசி. இந்தக் கடைசி ஊசி வீரியம் கூடியது. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கோ, ஏற்கெனவே சொட்டு மருந்து விடாத குஞ்சுக்கோ போட்டால் ஊசியே நோயைக் கொடுத்துவிடும். வயிற்றில் புழு நிறைய இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது, அதனால் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுங்கள். உடம்பு சரியில்லாத கோழிக்கு எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்.

கூடு

எட்டுக் கோழிக்கு 4 அடிக்கு 4 அடி கூடு போதும். பகலில் வெளியே மேயும் கோழிக்கு இரவுக்கூட்டில் தலைக்கு 2 சதுர அடி என்பது கணக்கு. வெளியே மேய்ச்சல் இடம் தலைக்குக் குறைந்தது 10 சதுர அடி இருக்கட்டும். அதற்கும் குறைவென்றால் தரை ஒரே மாதத்தில் பொட்டலாகி நாற்றமெடுக்கும். கோழி எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே நேராக அடிக்காது. கீழே ஒன்றரை அடி பலகையோ சுவரோ, அதற்கு மேல் கம்பி வலை. கூரைக்கு ஓலையோ நாட்டு ஓடோ உத்தமம். தகரம் போட்டுவிட்டீர்களென்றால் சித்திரைக்கு முன் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிவிடுங்கள். கூரை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே அடிக்காது.

வலையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘கோழி வலை’ என்ற பெயரில் விற்கும் அறுகோண ஓட்டை வலை கோழியை உள்ளே நிறுத்தும், ஆனால் கீரியையோ மரநாயையோ தடுக்காது. நாய் பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டு அடித்த கம்பி வலையைக் கேட்டு வாங்குங்கள். குஞ்சு இருக்கும் வீட்டில் பாம்பும் பெருச்சாளியும் நுழையாதபடி காப்பதும் அதுதான். மரநாய் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வரும். இரண்டு விரல் நுழையும் சந்து எங்கே இருந்தாலும் அடைத்துவிடுங்கள். தரையோடு அமைந்த அடைப்பாக இருந்தால் வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள், கீரி தோண்டி வரும். கூட்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்துவதும் அவசியம். முட்டை உடைத்து ஈரத்தோடு வரும் குஞ்சைக் கட்டெறும்பு மொய்த்துக் கொன்றுவிடும்.

உள்ளே படுக்க ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமனுள்ள உருண்டைக் கட்டைகளைக் கோழிக்கு எட்டு அங்குலம் என்ற கணக்கில் கட்டுங்கள். எல்லாக் கட்டையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏற்ற இறக்கமாக வைத்தால் உச்சிக் கட்டைக்குத் தினமும் அடிதடி நடக்கும். முட்டையிட ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டி, நாலு பெட்டைக்கு ஒன்று. அது படுக்கும் கட்டையைவிடத் தாழ்வாக, இருட்டான மூலையில் இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் கோழி இரவில் அதற்குள்ளேயே படுத்து எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும்.

தரையில் நெல் உமியோ தென்னை நார்க்கழிவோ நாலு அங்குலம் பரப்புங்கள். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள். குனியும்போது கண் எரிந்தால் கோழிக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறது. ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த பள்ளம் வையுங்கள். கோழி அதில் புரண்டு குளித்தாலே பேனும் செள்ளும் பாதி குறைந்துவிடும்.

குஞ்சா, விடைக்கோழியா

புதிதாகத் தொடங்குபவர் ஒரு மாதக் குஞ்சாக, முதல் மூன்று தடுப்பு மருந்தும் போட்டதாக வாங்குவதே நல்லது. நாள் குஞ்சு விலை குறைவு, சேதாரம் அதிகம். முட்டைக்கு வந்த விடைக்கோழி கிடைத்தால் விலை கூடுதலாக இருக்கும், உடனே பலன் தெரியும். சந்தையில் வாங்குவதைத் தவிருங்கள். வீட்டில் ஒரு கோழி சீக்கில் விழுந்ததும் மிச்சத்தை மறுநாளே சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தெரிந்த பண்ணையிலோ, அரசு, பல்கலைக்கழகப் பண்ணையிலோ சொல்லிவைத்து வாங்குங்கள். கண் தெளிவாக, மூக்கில் நீர் வழியாமல், பின்புறம் எச்சம் ஒட்டாமல் இருக்க வேண்டும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்திபோலக் குத்தினால் வேண்டாம்.

நாள் குஞ்சுதான் வேண்டுமென்றால் அடைகாப்புக்கு இதைச் செய்யுங்கள். அட்டையையோ தகரத்தையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து நிறுத்துங்கள், 20 குஞ்சுக்கு மூன்று அடிக் குறுக்களவு போதும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும், அதனால்தான் வட்டம். உமியின்மேல் முதல் நாலு நாள் செய்தித்தாள் விரித்திருங்கள், இல்லையென்றால் உமியைத் தீவனம் என்று தின்றுவிடும். நடுவில் 40 வாட் பல்பு இரண்டு தொங்கட்டும். ஒன்று பியூஸ் போனாலும் மற்றது காக்கும். இவை பழைய குண்டு பல்புகளாக இருக்க வேண்டும். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தரும், கதகதப்புத் தராது. விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டுக் காலையில் விறைத்த குஞ்சுகளைப் பார்க்க நேர்வது இதனால்தான்.

முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, ஏற்றுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். மூடிய அறையில் கரி நெருப்பு வைக்காதீர்கள், புகை தெரியாமலே குஞ்சைக் கொல்லும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது.

வந்த முதல் வாரம்

புதுக் கோழிகளை ஐந்து முதல் ஏழு நாள் கூட்டைவிட்டு வெளியே விடாதீர்கள். இதுதான் வீடு என்று பழகினால்தான் மாலையில் தானாக வந்து அடையும். பிறகு முதல் சில நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு கோழி இருந்தால் புதியவற்றை 14 நாள் தனியே வைத்து, கடைசியாக அவற்றுக்குத் தீனி போட்டுவிட்டுக் கைகால் கழுவுங்கள்.

வளர்ந்த கோழி ஒன்று நாளுக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். நல்ல மேய்ச்சல் இருந்தால் 40, 50 கிராம் கொடுத்தால் போதும். அதைக் காலையில் கொஞ்சமாகவும் மாலையில் அதிகமாகவும் பிரித்துப் போடுங்கள். மாலைத் தீனிக்குத் தினமும் ஒரே குரலில் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். பத்து கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம், குருணை எது மலிவோ அதில் 6 கிலோ, தவிடு ஒன்றரை கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். உப்புக் கருவாடு போட்டால் உப்பேறிக் கோழி செத்துவிடும். புண்ணாக்கில் பூசணம் பூத்திருந்தாலோ மக்கல் வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள், காயவைத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது. முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையான அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு முதல் எட்டு வாரம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம்தான் சரி. இந்தக் கலவையில் அவற்றுக்கு வேண்டிய புரதம் இருக்காது.

செலவில்லாத சத்து வேண்டுமென்றால் கரையான். பழைய மண்பானையில் கோணிச் சாக்குத் துண்டு, காய்ந்த சாணம், மட்கிய ஓலை, கந்தல் துணி ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள மண்ணில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். செம்மண் நிலமென்றால் மறுநாள் காலை பானை நிறைந்திருக்கும். குஞ்சுகள் இதற்குப் பறக்கும்.

தண்ணீரை நிழலில் வையுங்கள், தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். கோடையில் தண்ணீர் ஒரு பொழுது தீர்ந்துபோனால் முட்டை பல நாளுக்கு நின்றுவிடும்.

சீக்கு வந்தால்

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கழுத்து திருகினால் ராணிக்கெட். இதைக் குணமாக்க மருந்து இல்லை. நோயுற்றதைப் பிரித்துவிட்டு மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். செத்ததை வாய்க்காலில் வீசாமல் இரண்டு மூன்று அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மிச்சத்தை விற்காதீர்கள், அது அடுத்த பத்து வீட்டுக் கோழியைக் கொல்லும். கூட்டைச் சுண்ணாம்படித்து ஒரு மாதம் காயவிட்ட பிறகே மறுபடி தொடங்கலாம்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு இரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், ஈரத் தரையில் பெருகும் கிருமியால் வரும் இரத்தக்கழிச்சல். மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். உமியை அன்றே மாற்றவில்லையென்றால் திரும்ப வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தால் அம்மை, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம், கண் மூடிக்கொண்டால் தீனியை ஊட்டிவிட வேண்டும்.

முதல் அடை

பெட்டை கூட்டைவிட்டு எழாமல், கிட்டே போனால் உடலைச் சிலிர்த்து உறுமினால் அடைக்கு வந்துவிட்டது என்று பொருள். சில ஊர்களில் இதை அவயம் என்பார்கள். சிறுவிடைக்கு 10 முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், ஓரத்து முட்டைகள் குளிர்ந்து வீணாகும். ஏழு நாளுக்கு உட்பட்ட, விரிசலில்லாத முட்டைகளாகப் பொறுக்குங்கள். அகலமான கூடையிலோ சட்டியிலோ பாதி மணல், மேலே வைக்கோல், அதற்குள் கொஞ்சம் வேப்பிலை, நொச்சி போட்டால் செள்ளு அண்டாது. இடிக்குக் காவலாக இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் வைப்பது பல வீட்டு வழக்கம், வைத்தால் கெடுதலில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திபோல நரம்பு ஓடியிருந்தால் கரு உண்டு, வெறுமையாகத் தெளிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தினமும் ஒருமுறை தாயை இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டி, பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்பவிடுங்கள்.

21ஆம் நாள் குஞ்சு வரும். பொரித்த அன்று தீனி வேண்டாம், இறகு காயட்டும். முதல் மூன்று வாரம் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, காக்கையும் பருந்தும் தொடாதபடி நிழலில் வையுங்கள். பொரித்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அதிலிருந்து 7, 14, 28 என்று எண்ணி இன்றே குறித்துவிடுங்கள். முதல் சொட்டு மருந்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.